திருவிழாக் கமிட்டிக்கு இன்னொரு வேலை

எங்கள் கடற்கரைப் பக்கம் பங்குப் பேரவை கூடினால் என்ன பேசுவார்கள் என்று கூட்டத்துக்குப் போகாமலே சொல்லிவிடலாம். கொடியேற்ற யாரைக் கூப்பிடுவது, தேர் எந்தத் தெருவில் திரும்புவது, தோவாளையில் பூ என்ன விலை, வரி கட்டாத வீடுகளை என்ன செய்வது. நடுவில் ஒருவர் எழுந்து போன வருஷத்துக் கணக்கைக் கேட்பார். குரல் உயரும். ஃபாதர் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக் கூட்டத்தை முடித்து வைப்பார். டீ வரும்.

கேலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து நாள் திருவிழா நடத்துவது லேசுப்பட்ட காரியமா? ஊருக்குள் வெளியூர்க் கூட்டம் ஆயிரக்கணக்கில் நுழைகிறது. கரண்ட் போனால் ஜெனரேட்டரை யார் ஓடிப்போய்ப் போடுவது, அன்னதானத்துக்கு அண்டா எந்த வீட்டில் கிடக்கிறது, வண்டிகளை எங்கே நிறுத்துவது, கூட்டத்தில் காணாமல் போகும் பிள்ளையை எந்த மைக்கில் அறிவிப்பது, எல்லாம் ஆள் ஆளுக்குப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. வீடு வீடாகப் போய் வரி பிரித்து ரசீது போட்டு, கடைசி நாள் கணக்கும் வாசிக்கிறார்கள். இவ்வளவும் செய்யத் தெரிந்த ஊருக்கு, புயலுக்குத் தயாராவது எப்படி என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து வகுப்பெடுக்கிறார். அந்த ஒருவர் பல நேரம் நான்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைப் பங்குகள் சிலவற்றில் இந்த ‘பேரிடர் முன்தயாரிப்பு’ வகுப்புகளுக்குச் சில வருஷமாகப் போய்வருகிறேன். வழக்கமான வகுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். ஃப்ளெக்ஸ் பேனர், ப்ரொஜெக்டர், நிலநடுக்கம் வந்தால் மேசைக்கு அடியில் குனியச் சொல்லும் படம். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் நாற்பது வருஷம் கடலில் கிடந்தவர்கள், அவர்களுடைய மனைவிமார்கள், சுனாமியில் வீடு இழந்தவர்கள். அவர்கள் முன்னால் நின்று ‘அலை என்றால் என்ன’ என்று விளக்குவது எனக்கே கூச்சமாக இருந்தது. இப்போதெல்லாம் ஸ்லைடு கொண்டுபோவதில்லை. “உங்க திருவிழாக் கமிட்டி நோட்டைக் கொண்டாங்க” என்பதுதான் என் முதல் வாக்கியம். யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். பேரிடர்த் திட்டத்தில் பாதி அதிலேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதிதான் கஷ்டம். அது என்னவென்று தெரிய ஒக்கி புயலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 

2017 நவம்பர் 30. திருச்சபை நாட்காட்டியில் அன்று புனித அந்திரேயா திருநாள், அவரும் மீனவர். காலையிலிருந்தே காற்று முறித்துப் போட ஆரம்பித்தது. கரையில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஆனால் ஒக்கியின் பெரிய சேதம் கரையில் நடக்கவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று தொடரும் ஊர்களின் ஆழ்கடல்காரர்கள் ஒரு முறை போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். சுறாவும் சூரையும் தேடி லட்சத்தீவு தாண்டிப் போகிறவர்கள். புயல் என்று அறிவித்தபோது அவர்களில் பலர் கரையிலிருந்து எந்தச் சத்தமும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். படகிலிருக்கும் வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டருக்கு மேல் பேசாது. தாழ்வு நிலையாக இருந்தது ஒரே நாளுக்குள் புயலாகிப் போனதில், கரைக்குப் பக்கத்தில் வள்ளத்தில் போனவர்களுக்கே அவகாசம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாள்களில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எத்தனை பேர்? அந்தக் கேள்விக்கு அரசு அலுவலகங்களிடம் பதில் இல்லை. கடலுக்கு யார் போனார்கள் என்ற பதிவேடு எந்த மேசையிலும் இல்லை. பங்குத்தந்தையர்தான் கோயில் மைக்கில் கூப்பிட்டு, வீடு வீடாகக் கேட்டு, ஊர் வாரியாகப் பெயர் எழுதினார்கள். அரசு சொன்ன எண்ணும் கோயில்கள் சொன்ன எண்ணும் பல நாள் ஒத்துப்போகவே இல்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அவர்களின் கோபத்துக்குள் இந்த எண்ணிக்கைச் சண்டையும் இருந்தது. தேடு, எண்ணிக்கையையாவது சரியாகச் சொல். பிறகு உடல்கள் கேரளக் கரைகளில் கிடைத்தபோது டிஎன்ஏ பார்த்துத்தான் பலரை அடையாளம் காண முடிந்தது. உடலே கிடைக்காதவர்களின் குடும்பங்களோ, காணாமல் போனவர் இறந்தவராகக் கருதப்பட சட்டப்படி ஏழு வருஷம் என்ற சுவரில் முட்டி நின்றன. அந்தக் காத்திருப்பைச் சுருக்கி, இருபது லட்சம் நிவாரணத்தைக் கையில் வாங்க எத்தனை காகிதம், எத்தனை அலைச்சல். அதிலும் ஒரு சிக்கல் சேர்ந்துகொண்டது. தூத்தூர் வட்டாரப் பங்குகளின் ஆயர் திருவனந்தபுரத்தில், தாசில்தார் தமிழ்நாட்டில், படகு கட்டிக்கிடப்பது கொச்சியில்.

பங்குத்தந்தையர் அன்று எழுதிய பட்டியல்கள்தான் கடைசியில் நம்பத்தகுந்தவையாக நின்றன. அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு, சொல்ல வேண்டியதுதான். எனக்கு மட்டும் அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு எரிச்சல் வரும். புயல் அடித்த பிறகு, அழுகைச் சத்தத்துக்கு நடுவே எழுதிய அந்தப் பட்டியலை அதற்கு முந்தைய வாரம் அமைதியாக உட்கார்ந்து எழுதியிருக்க முடியாதா?

முடியும். ஒரு கத்தோலிக்கப் பங்கிடம் இருக்கும் அளவுக்கு ஊர் விவரம் வேறு யாரிடமும் இல்லை. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறந்தோர் பதிவேடு எல்லாம் திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் இருந்தாக வேண்டும். அதற்கு மேல் குடும்ப அட்டை. அதற்கும் மேல், இருபது முப்பது வீட்டுக்கு அன்பியம் என்று ஒரு குழு, அதற்கு ஒரு பொறுப்பாளர். மாதம் முதல் வெள்ளிக்கிழமை படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகிறார்களே, அந்த சிஸ்டர் கையிலிருக்கும் சின்னக் காகிதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எந்தத் தெரு, எந்த வீடு, எந்த அறை, எழுந்து உட்கார முடியுமா, முடியாதா. வெள்ளம் ஏறும்போது முதலில் தூக்க வேண்டியவர்களின் பட்டியல் அதுதான். அடுப்பு எரியாத வீடு எது என்று வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களுக்குத் தெரியும். தனியாக இருக்கும் கிழவிகள் யார் யார் என்று மரியாயின் சேனைப் பெண்கள் சொல்வார்கள். இவையெல்லாம் ஒரே நோட்டில் இல்லை என்பது மட்டும்தான் குறை.

விட்டுப்போகும் ஆள்களும் உண்டு. அன்பியப் பட்டியல் கத்தோலிக்க வீடுகளோடு நின்றுவிடும். வாடகைக்கு வந்த குடும்பம், சிஎஸ்ஐ வீடு, பெந்தெகொஸ்தே வீடு, கோயில் பக்கமே வராத வீடு, படகில் வேலை பார்க்க அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து ஒரு அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பையன்கள். அலை ஞானஸ்நானம் பார்த்து வராது. அன்பியப் பொறுப்பாளரிடம் “உங்க அன்பியத்து வீடுகளைச் சொல்லாதீங்க, உங்க தெருவில இருக்கிற கதவுகளைச் சொல்லுங்க” என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கடலுக்குப் போனவர்கள் பட்டியல் என்று வரும்போதுதான் கூட்டத்தில் சத்தம் அடங்கும். ஒரு ஊரில் பெரியம்மா ஒருவர் எழுந்து, “போறதுக்கு முன்னாடியே பேரு எழுதணுமா மக்களே? எழவுக்கா எழுதுதீங்க?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு பெண், ஒக்கியில் தம்பியை விட்டவர் என்று பிறகு சொன்னார்கள், அவர்தான் பதில் சொன்னார்: “அன்னைக்கு எந்தம்பி போட்டுல யார் யார் இருந்தாவன்னு கேட்டதுக்கு எனக்குத் தெரியலக்கா.” அதோடு பேச்சு நின்றது. அந்த ஊரில் பட்டியல் எழுத ஆரம்பித்தார்கள்.

எப்போது எழுதுவது? என் கணக்கில் ஜூன் மாதம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். மாதக்கணக்கில் முகம் காட்டாத ஆண்கள் ஊரில் இருப்பார்கள், வலை பழுது பார்த்துக்கொண்டு, கேரம் ஆடிக்கொண்டு. பள்ளிக்கூடம் திறந்த புதிது. பல மறைமாவட்டங்களில் சாமியார்களுக்கு மாற்றல் வருவது கோடையில், ஆகவே புதுச் சாமியாரும் பெட்டியைப் பிரித்து ஊரைப் பார்க்க ஆரம்பித்திருப்பார். நமக்கு ஆபத்தான காலம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஒக்கி நவம்பர் கடைசி, சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள், தூத்துக்குடியையும் திருநெல்வேலியையும் மூழ்கடித்த மழை 2023 டிசம்பர் 17, 18. எல்லாம் குடில் கட்டும் காலம். நவம்பரில் கூட்டம் போட்டால் ஆண்கள் கடலில், பெண்கள் கிறிஸ்துமஸ் சீட்டுக் கணக்கில், ஃபாதர் கலைநிகழ்ச்சி ஒத்திகையில். ஜூனை விட்டால் ஆள் கிடைக்காது.

மாற்றல் என்றேன். இதைப் பற்றிச் சாமியார்களிடம் நேராகவே பேசிவிடுவது நல்லது. எங்கள் பக்கம் நல்ல சாமியார் என்றால் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்பவர் என்று ஒரு நினைப்பு. கலெக்டர் நம்பர் அவர் ஃபோனில், மீன்வளத்துறை அதிகாரி நம்பர் அவர் ஃபோனில், ஜெனரேட்டர் மெக்கானிக் அவருக்குத் தெரிந்த பையன். ஐந்தாறு வருஷம் ஊர் அமோகமாக ஓடும். ஆயரிடமிருந்து ஒரு கடிதம் வரும். வழியனுப்பு விழா, பொன்னாடை, கண்ணீர். மறுநாள் காலையில் பார்த்தால் ஊரின் தயாரிப்பு முழுவதும் இன்னொரு பங்குக்கு காரேறிப் போயிருக்கும். சாமியார்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களை அப்படி ஆக்கியதில் பேரவைக்கும் பங்கு உண்டு. ‘ஃபாதர் பாத்துக்கிடுவாரு’ என்பது மரியாதை மாதிரித் தெரியும் சோம்பல்.

பணத்தில் இது இன்னும் கடுமையாகக் கடிக்கும். 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி பங்குப் பேரவை ஆயர் தேவை என்று நினைத்தால்தான். அதுவும் ஆலோசனை சொல்லும் அமைப்புத்தான். நிதிக்குழு அப்படியல்ல, ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம். அந்த நிதிக்குழு திருவிழா மிச்சத்தில் ஒரு பகுதியை அவசர நிதி என்று ஒதுக்குகிறது, நல்ல விஷயம். ஆனால் கணக்கு சாமியார் கையெழுத்தில் ஓடும். சாமியார் மாறுகிறார். வங்கியில் கையெழுத்து மாற்ற மறைமாவட்டக் கடிதம், அடையாள அட்டை, மேனேஜர் விடுமுறை. அந்த இடைவெளியில் மழை அடித்தால் பணம் பத்திரமாக இருக்கும், கையில் கிடைக்காது. புதுச் சாமியார் வந்ததும் முதல் வாரத்திலேயே இந்தக் கையெழுத்து வேலையை முடிக்கச் சொல்லிவிடுங்கள். டீசலுக்கும் அரிசிக்கும் ஆகும் அளவு ஒரு தொகை ரொக்கமாக, எழுதி வைத்த கணக்கோடு, இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும்.

அடுத்தது மணி. பல ஊர்களில் மணிக்கயிறு அறுந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது அடிப்பது மோட்டார், அல்லது கோபுரத்துக் குழாயில் ஒலிக்கும் பதிவு. கரண்ட் போனால் கோயில் ஊமை. புயலில் முதலில் போவது கரண்ட்தான். ஒரு கயிறு, பேட்டரியில் ஓடும் கை ஒலிபெருக்கி இரண்டு. மொத்தச் செலவு வாணவேடிக்கையில் ஒரு சரத்துக்குக்கூட ஆகாது. எந்த மணி எதற்கு என்பதையும் ஊர் முன்கூட்டிப் பேசி வைக்க வேண்டும். துக்கமணியும் ஆபத்து மணியும் ஒரே மாதிரி அடித்தால், வீட்டுக்குள் இருப்பவர் ‘யாரு செத்தா?’ என்று கேட்டுக்கொண்டு நிதானமாகத்தான் வெளியே வருவார்.

சாவியைப் பற்றி ஒரு வரி: சமூகக்கூடச் சாவி கோயில்பிள்ளையிடம் மட்டும் இருந்தால் போதாது.

கோயிலையே பாதுகாப்பான இடம் என்று நினைப்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆபத்து என்றதும் கால் தானாகக் கோயிலை நோக்கித்தான் ஓடுகிறது, அது தலைமுறைப் பழக்கம். ஆனால் எங்கள் கோயில்கள் பலவும் கடலைப் பார்த்து, மணலை ஒட்டி நிற்பவை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு கடலுக்குப் போகாத ஊர்கள் இவை, ஆகவே அன்று ஆண்களும் கரையில் இருந்தார்கள். கொட்டில்பாடும் குளச்சலும் மணக்குடியும் என்ன ஆயின என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மணக்குடிப் பாலத்தையே அலை பெயர்த்துப் போட்டது. உயரமான கோபுரம் இருப்பதால் கட்டடம் உறுதி என்று ஆகாது, உப்புக்காற்றில் கம்பி எவ்வளவு அரித்திருக்கிறது என்று ஒரு என்ஜினியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காற்றுக்கு எந்தக் கட்டடம், தண்ணீருக்கு எந்த மேடு என்று தனித்தனியாக முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் தண்ணீருக்கான இடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேறு சமூகத்தாரின் பள்ளிக்கூடமாகவோ கல்யாண மண்டபமாகவோ இருக்கும். ஆபத்து நேரத்தில் போய்க் கதவைத் தட்டாமல், இப்போதே ஒரு நாள் பேரவைக்காரர்கள் நாலு பேர் போய் அந்த ஊர்ப் பெரியவர்களோடு டீ குடித்துவிட்டு வரலாம்.

காற்றும் மழையும் இல்லாமல் வரும் ஆபத்து ஒன்று உண்டு, கள்ளக்கடல். எங்கோ தெற்கே தூரக்கடலில் எழும்பிய அலை, வெயில் காயும் நாளில் இங்கே வந்து கரையேறும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை இழுத்துக்கொண்டு போனது இதுதான். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. அது வாட்ஸப்பில் ‘குட் மார்னிங்’ படங்களுக்கு நடுவே புதைந்துபோகிறது. காலைத் திருப்பலி முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, கல்யாண ஓலைகளுக்கு முன்னால் கடல் எச்சரிக்கை ஒரு வரி வாசித்தால் போதும். இதைச் செய்யும் ஊர்களில், வாசிக்க மறந்தால் கிழவிகளே கேட்கிறார்கள்: “இன்னைக்கு கடல் எப்படின்னு சொல்லலியே ஃபாதர்?”

சமையல் விஷயத்தில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். தூத்துக்குடி வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, நூற்றுக்கணக்கான பயணிகள் ரயிலில். பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் ஊர்க் கோயிலில் சமைத்து அவர்களுக்குப் போட்டார்கள். அவர்களும் வெள்ளத்தில் இருந்தவர்கள்தான். கொடை விழாவுக்குப் பொங்கும் அண்டாதான் அது என்று நினைத்துக்கொண்டேன். இதற்கு நேர்மாறாக நடப்பது, வெளியிலிருந்து குவியும் நிவாரணம். சுனாமிக்குப் பிறகு ரோட்டோரம் மலையாகக் கிடந்த பழைய துணியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரி வந்தால் எங்கே இறக்குவது, யார் எழுதி வாங்குவது, எது வேண்டாம் என்று யார் சொல்வது என்பதையும் ஜூனிலேயே பேசிவிட வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த ஒரு பெண்ணை அந்த வேலைக்குப் போடுங்கள். ஆண்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிவிடுகிறார்கள்.

“எல்லாம் கடவுள் பாத்துக்கிடுவாரு, ஜெபம் போதும்” என்பவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவரோடு நான் வாதம் செய்வதில்லை. மணிக்கயிறு பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுவேன். நன்றாகவே செய்கிறார்கள்.

இவ்வளவு சொன்னபின் தீராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படகுகள் ஊரிலிருந்து புறப்பட்டால் பட்டியல் எளிது. எங்கள் ஆழ்கடல்காரர்களில் பெரும்பாலோர் ரயிலேறிக் கொச்சிக்குப் போய் அங்கிருந்து படகேறுகிறார்கள். கடைசி நேரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல், அவருக்குப் பதில் வேறொருவர். ஜூனில் எழுதிய பட்டியலில் ஆகஸ்டுக்குள் பாதி மாறிவிடும். படகுக்காரர்களிடம் ஒவ்வொரு முறையும் ஆள் விவரம் கேட்டால், சிலர் தருகிறார்கள், சிலர் ‘எதுக்கு வம்பு’ என்று நழுவுகிறார்கள். ஆள் விவரத்தோடு சம்பளம், இன்சூரன்ஸ், வெளிமாநிலப் பையன்களின் ஆவணம் எல்லாம் சேர்ந்து வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. படகில் செயற்கைக்கோள் கருவி பொருத்துகிறார்கள், அது படகு எங்கே என்று சொல்லும், உள்ளே யார் என்று சொல்லாது.

ஒரு பங்கில் இதற்குப் பெண்கள் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. படகு துறைமுகம் விடும் முன்பு, சிக்னல் இருக்கும்போதே, படகில் இருக்கும் ஒருவர் எல்லோர் பெயரையும் ஊர்ப் பெயரோடு சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும். வீட்டுக்காரிகள் அதை அன்பியப் பொறுப்பாளருக்கு அனுப்புவார்கள். அவர் மகள், பிளஸ் டூ படிப்பவள், நோட்டில் எழுதி தேதி போடுகிறாள். எல்லாப் படகும் அனுப்புவதில்லை. அனுப்பாத படகின் பெயர்கள் ஞாயிறு திருப்பலி முடிவில் வாசிக்கப்படும் என்று பேரவை முடிவெடுத்திருக்கிறது. படகுக்காரர்கள் சங்கடப்படுகிறார்கள், ஃபாதரும் கொஞ்சம் தயங்குகிறார். இந்தத் தடைக்காலத்தில் உட்கார்ந்து பேசி இறுதி முடிவெடுப்பார்களாம். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.